கிரிவலப் பாதைக்கு ஒரு சட்டம் போடுங்க பார்ப்போம்: வகுப்பறையில் சட்டமன்றம் நடத்துவது எப்படி?

திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் இந்திய அரசமைப்புச் சட்டத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதன் 7-வது வரி யாத்திரைகள் பற்றியது. வெளிநாட்டுக்குப் போகும் யாத்திரை மட்டும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. உள்நாட்டில் நடப்பதெல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் சுற்றி வரும் அந்த 14 கிலோமீட்டர் பாதைக்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டுமென்றால், அது சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள சட்டமன்றத்தில்தான் நிறைவேற வேண்டும்.

இதை ஒரு எட்டாம் வகுப்பில் சொன்னால், "அப்போ நாங்களே ஒரு சட்டம் எழுதலாமா?" என்று ஒரு குரல் வரும். தாராளமாக எழுதலாம். எழுதி, வாதாடி, ஓட்டுப் போட்டு, ஆளுநருக்கு அனுப்பி, அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்றும் பார்க்கலாம். உலகின் பல ஊர்களில் பல ஆண்டுகளாக நடக்கும் கற்பித்தல் முறை இது. திருவண்ணாமலை வகுப்பறை ஒன்றில் இதை நடத்தினால் எப்படி இருக்கும்? படிப்படியாகப் பார்ப்போம்.

பாடப் புத்தகத்துல இருக்கே, அது போதாதா?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு குடிமையியலின் முதல் பாடமே 'மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது' என்பதுதான். ஆளுநர், முதலமைச்சர், சட்டமன்றம், நீதிமன்றம் எல்லாம் அதில் உண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் வரும். படித்துவிட்டு எழுதுகிறோம். பிறகு மறந்துபோகிறது.

எங்கே இடிக்கிறது என்பதைப் பெரியவர்களிடமே சோதிக்கலாம். 'ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார்' என்று செய்தி வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். 'மசோதா', 'அவசரச் சட்டம்', 'அரசாணை' மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். நாலு பேரைக் கேட்டால் நாலு விதமான பதில் வரும். பாடத்தில் படிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் யார் எதற்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது நடித்துப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

யார் யார் செய்து பார்த்திருக்கிறார்கள்?

மத்திய அரசின் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் நடத்தும் இளையோர் நாடாளுமன்றத் திட்டம் 1966-ல் டெல்லி பள்ளிகளில் தொடங்கியது. பின்னர் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் விரிந்தது. ராஜஸ்தானில் 2021 நவம்பர் 14 அன்று, உண்மையான சட்டமன்ற மண்டபத்திலேயே குழந்தைகளை உட்கார வைத்து ஓர் அமர்வு நடத்தினார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் பழையது. முன்னாள் ராணுவத்தினர் அமைப்பான அமெரிக்கன் லீஜன், 1935-ல் இல்லினாய் மாநிலத்தில் 'பாய்ஸ் ஸ்டேட்' என்ற முகாமைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சில நாள்கள் ஒன்றாகத் தங்கி, கட்சி அமைத்து, தேர்தல் நடத்தி, ஒரு மாநில அரசையே நடத்திப் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் ஆல்பனியில் ஒய்எம்சிஏ இதேபோன்ற ஒரு திட்டத்தை ஆரம்பித்தது.

2017-ல் டெக்சஸ் முகாம் மாணவர்கள், 'டெக்சஸ் அமெரிக்காவிலிருந்து பிரிய வேண்டும்' என்று ஓட்டுப் போட்டு நிறைவேற்றிவிட்டார்கள்! செய்தியாகி ஊர் சிரித்தது. ஆனாலும் முகாமை யாரும் மூடவில்லை. அடுத்த ஆண்டு முகாமைத் தொடர்ந்து படம்பிடித்துத்தான் 'பாய்ஸ் ஸ்டேட்' ஆவணப்படம் 2020-ல் வந்தது.

அந்தக் கூத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. முடிவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. நம் ஊர் மாதிரி நாடாளுமன்றப் போட்டிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒழுங்கு, நடைமுறை, பேச்சுத் திறன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் என்பதால் ஆசிரியரே வசனம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். எதிர்க்கட்சித் தலைவர் எந்த நிமிடத்தில் எழுந்து கோபப்பட வேண்டும் என்பதுகூட ஒத்திகை பார்த்ததுதான். மசோதா நிறைவேறும் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், கோப்பையும் கிடைக்கும். மனப்பாடம் மட்டும் போகாது.

அதனால் வகுப்பறைச் சட்டமன்றத்தின் முதல் விதி: வசனம் கிடையாது, முடிவும் கிடையாது. பாத்திரமும் நடைமுறையும் மட்டும்தான் ஆசிரியர் தருவார்.

முதல் படி: இது யாருடைய வேலை?

'என்ன சட்டம் வேண்டும்?' என்று கேட்டால் பிள்ளைகள் கரும்பலகையை நிரப்பிவிடுவார்கள். வீட்டுப்பாடத் தடை முதலிடம் பிடிக்கலாம். அதை அழிக்கத் தேவையில்லை. மூன்று பட்டியல்களையும் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு யோசனையும் எந்தப் பட்டியலில் வரும் என்று அவர்களையே தேடச் சொன்னால் போதும்.

ரூபாய் நோட்டு, ராணுவம், ரயில் என்றால் மத்தியப் பட்டியல். காவல், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, யாத்திரை, சூதாட்டம் என்றால் மாநிலப் பட்டியல். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போனது. வீட்டுப்பாடக் கோஷ்டிக்கு இது ஒரு முக்கியமான தகவல்.

'கிரிவலப் பாதையில் பிளாஸ்டிக்கைத் தடை செய்யணும்' என்று ஒருவர் சொல்வார். அது ஏற்கெனவே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க இருக்கிறதே! ஆனால் அது சட்டமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டத்தில் வந்த தடை இல்லை. மத்திய அரசின் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தரும் அதிகாரத்தின் கீழ், 2018 ஜூனில் மாநில அரசு போட்ட அரசாணை. எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை, சில நேரம் இருக்கிற சட்டத்தின் கீழ் ஓர் ஆணை போதும் என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பிடித்துக்கொள்வார்கள். 'தடை இருந்தும் டீக்கடையில கவர் குடுக்குறாங்களே?' என்று அடுத்த கேள்வி வந்தால் வகுப்பு சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மலையடிவார வீடுகள் பற்றிய மசோதா இந்த ஊருக்கு மிகப் பொருத்தமானதுதான். ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், அவர்கள் துயரத்தை விவாதப் பொருளாக்குவது சரியாக இருக்காது. அவர்களே எழுப்பினால் மட்டும் பேசலாம்.

சரி, இந்த வகுப்பு 'கிரிவலப் பாதை வசதிகள் மசோதா'வை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: யார் யாராக நடிப்பது?

40 பேர் வகுப்பு. சபாநாயகர் 1. முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் 4, ஆளும் தரப்பு எம்எல்ஏக்கள் 8. எதிர்க்கட்சி 10. சுயேச்சைகள் 3. ஆளும் தரப்பில் மொத்தம் 12 பேர், எதிர்த்தரப்பில் 10 பேர். ஆகவே அந்த மூன்று சுயேச்சைகளை யார் இழுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி. முடிவு திறந்தே இருக்கும்.

மீதி 14 பேர்? ஆளுநர், பேரவைச் செயலர், சட்டத் துறை அதிகாரி தலா ஒருவர். பத்திரிகையாளர்கள் 2 பேர். பார்வையாளர் மாடத்தில் 8 பேர்: பூக்கடை அக்கா, தள்ளுவண்டி இளநீர்க்காரர், ஆட்டோ ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், பாதையோரக் குடியிருப்பாளர், சாது, வெளியூர் பக்தர், சக்கர நாற்காலியில் வலம் வருபவர்.

கடைசியாக ஒருவர், கட்டியங்காரன். திருவண்ணாமலை மாவட்டப் பிள்ளைகளுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கூத்தில் ராஜாவையே நிறுத்திவைத்து, 'இப்போ என்ன சொன்னீங்க?' என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வகுப்பறையிலும் அதே வேலைதான். யாராவது 'ஷரத்து', 'பிரேரணை' என்று வாய்க்குள் நுழையாத வார்த்தை சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, நம்ம ஊரு பாஷையில சொல்லுங்க" என்று கேட்பார். புரியாததைக் கேட்க எல்லாப் பிள்ளைகளுக்கும் தைரியம் இருக்காது. அவர்கள் சார்பில் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

உண்மையான கட்சிப் பெயர்கள் வேண்டாம். வேம்பு அணி, புங்கை அணி என்று வைத்தால் போதும். மசோதா குடிநீர், கழிப்பறை, கடைகள் பற்றி மட்டும் இருக்கட்டும். வழிபாடு பற்றி வேண்டாம். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

மூன்றாம் படி: எழுதிப் பார்த்தால்தான் தெரியும்

அமைச்சரவை ஒரு பக்கத்துக்குள் மசோதா எழுத வேண்டும். ஒரு மாதிரி இதோ:

1. இந்தச் சட்டத்தின் பெயர் கிரிவலப் பாதை வசதிகள் சட்டம்.
2. பாதையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை இருக்க வேண்டும்.
3. பௌர்ணமி அன்று தற்காலிகக் கடைகளைக் குறித்த இடத்தில் மட்டுமே போடலாம்.
4. ஒவ்வொரு கடையும் ஒரு பௌர்ணமிக்கு 200 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும்.
5. மீறினால் 2,000 ரூபாய் அபராதம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது சட்டத் துறை அதிகாரி கையைத் தூக்குவார். அவர் கையில் ஆசிரியர் முன்பே ஒரு சீட்டுக் கொடுத்திருப்பார்: 'தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 3-வது பிரிவு அதோடு மோதுமா?'

பொதுப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். ஆனால் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால், அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். இது பிள்ளைகளுக்குப் புரியுமா? ஜல்லிக்கட்டு என்று சொன்னால் உடனே புரியும். விலங்குவதைத் தடுப்பு மத்தியச் சட்டம். 2017 ஜனவரி 21 அன்று தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மெரினாவில் கூடிய கூட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தின் கோரிக்கை சட்டமாக எத்தனை மேசைகளைத் தாண்டியது என்பதுதான் இங்கே பாடம்.

அடுத்து பணம். 14 கழிப்பறைக்கு யார் செலவு செய்வது? தண்ணீர் எங்கிருந்து வரும்? நிதியமைச்சர் வேடம் போட்ட மாணவர் தலையைச் சொறிவார். அந்த 200 ரூபாய் வரியா, கட்டணமா என்று எதிர்த்தரப்பு கேட்க வேண்டும். வரி விதிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அவையில் அறிமுகப்படுத்த முடியாது. செய்யும் சேவைக்கான கட்டணத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. ஒரே 200 ரூபாய், பெயர் மாறினால் வழியே மாறுகிறது.

நான்காம் படி: அவை கூடுகிறது

தமிழ்நாட்டில் 1986 வரை சட்டமன்றத்துக்கு மேலவை ஒன்றும் இருந்தது. இப்போது ஒரே அவைதான். வகுப்பறைக்கு இது வசதி.

முதலில் கோரம். அவையின் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 10 பேர், இதில் எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும். 234 உறுப்பினர்கள் உள்ள தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 24 பேர். வகுப்பறை அவைக்கு 10 பேர்.

பிறகு மூன்று கட்டங்கள். அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்கிறார். அடுத்து ஆய்வுக்கு எடுத்து, பிரிவு பிரிவாக விவாதிக்கிறார்கள். திருத்தங்கள் வருவது இங்கேதான். கடைசியில் மொத்த மசோதாவும் வாக்கெடுப்புக்குப் போகிறது.

"ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று சபாநாயகர் கேட்பார். குரல் வாக்கெடுப்பில் சத்தம் போடுபவர்கள் ஜெயித்ததுபோல் தெரியும். யாராவது எண்ணிக்கை கேட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும். 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது, உறுப்பினர்களைப் பிளாக் பிளாக்காக எழுந்து நிற்கச் சொல்லித்தான் எண்ணினார்கள். வகுப்பில் பெஞ்ச் பெஞ்சாக எழுந்து நிற்கச் சொல்லலாம்.

இந்த வாக்கெடுப்பை இரண்டு முறை நடத்துவது நல்லது. முதல் முறை அவரவர் மனசாட்சிப்படி. இரண்டாவது முறைக்கு முன் ஒவ்வோர் அணியின் கொறடாவும் 'இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும்' என்று சீட்டுக் கொடுப்பார். மீறினால் பதவி போகலாம். 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு முடிவுகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, 'ஏன் மாறுச்சு?' என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

பூக்கடை அக்கா ஏன் பேசக் கூடாது?

இந்த விளையாட்டின் முக்கியமான இடம் இதுதான். அவையில் 3-வது பிரிவு பற்றி, அதாவது கடைகளை எங்கே போடுவது என்று விவாதம் நடக்கும். பார்வையாளர் மாடத்தில் பூக்கடை அக்காவாக உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அங்கே பேச அனுமதி இல்லை. தன் கடையைப் பற்றி 26 பேர் பேசுவதை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எழுந்து கத்தினால் சபாநாயகர் வெளியே அனுப்புவார்.

"இது என்ன நியாயம் டீச்சர்? என் கடையைப் பத்தி எனக்குத்தானே தெரியும்?"

இந்தக் கோபம் வர வேண்டும். திருவண்ணாமலையில் இந்தக் கோபம் வெறும் நடிப்பாக இருக்காது. அந்தப் பாதையில் கடை போடும், ஆட்டோ ஓட்டும், குப்பை அள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள் அதே வகுப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். 'ஒரு பௌர்ணமிக்கு எங்கம்மா எவ்வளவு சம்பாதிப்பாங்க தெரியுமா? அதுல 200 ரூபா குடுத்தா என்ன மிஞ்சும்?' என்று ஒரு மாணவி சொன்னால், நிதியமைச்சராக நடிக்கும் மாணவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் புத்தகமும் தராத தகவல் அந்த மாணவியிடம் இருக்கிறது. அவையில் அது எடுபட வேண்டுமானால் யாராவது ஓர் எம்எல்ஏ அதைப் பேச வேண்டும்.

கோபம் வந்த பிறகு ஆசிரியர் பத்து நிமிடம் இடைவேளை விட வேண்டும். மாடத்தில் இருப்பவர்கள் எம்எல்ஏக்களைப் போய்ப் பார்க்கலாம், மனு எழுதலாம், பத்திரிகையாளரிடம் பேசலாம், வெளியே கோஷம் போடலாம். 'தற்காலிகக் கடைகளில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு முன்னுரிமை' என்று ஒரு சுயேச்சை எம்எல்ஏவைத் திருத்தம் கொண்டுவர வைத்துவிட்டால், பூக்கடை அக்கா பேசாமலேயே சட்டத்துக்குள் ஒரு வரி எழுதிவிட்டார் என்று அர்த்தம்.

நிஜத்தில் இப்படி நடக்குமா? 2023 ஏப்ரல் 21-ஐ நினைவுபடுத்திப் பாருங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா, தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அவைக்குள் ஓட்டு விழுந்த பிறகும், அவைக்கு வெளியே இருந்தவர்களால் அதை நிறுத்த முடிந்தது. ஐடி வேலையில் இருக்கும் பலரும் அந்த வாரம் வாட்ஸ்அப்பில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் படி: ஆளுநர் மேசை

மசோதா நிறைவேறியதும் கைதட்டி முடித்துவிடக் கூடாது. அதை ஒரு கவரில் போட்டு ஆளுநராக நடிப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒப்புதல் தரலாம். குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். நிறுத்திவைத்து, காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது.

திரும்பி வந்தால்? அவை மறுபடி விவாதிக்கலாம். மாற்றத்தோடோ மாற்றமில்லாமலோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 200-வது பிரிவு சொல்கிறது.

மொபைல் கேம் ஆடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2021-ல் கொண்டுவந்த சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. அதே மாதம் 19-ம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கான தடை மட்டும் செல்லாது என்றது. ஒரு சட்டம் எத்தனை கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

ஆளுநராக நடிக்கும் மாணவர் ஒன்றும் செய்யாமல் கவரைப் பையில் வைத்துக்கொண்டே இருந்தால்? கட்டாயம் ஒரு குறும்புக்காரர் இதைச் செய்வார். செய்யட்டும். தமிழ்நாட்டிலிருந்தே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தொடர்பான 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. காலக்கெடுவும் விதித்தது. பின்னர் குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துச் சொன்னது. அதே சமயம், காரணம் சொல்லாமல் காலவரையின்றி மசோதாவை வைத்திருக்கவும் கூடாது. அப்படி நீண்டால், ஒரு முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம் என்றும் கூறியது.

எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. "நீங்க இந்த விதியை எழுதியிருந்தா எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லலாம்.

சட்டம் வந்தாச்சு. அப்புறம்?

அரசிதழில் வெளியானதும் வேலை முடிந்துவிடுமா? திருவண்ணாமலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அண்ணாமலையார் கோயில் நிர்வாகம் 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க, 1970-ல் சட்டமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. 1972-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றாலும், நியமனம் ஆகமங்களை மீறக் கூடாது என்றது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பயிற்சி பெற 2007-ல் தமிழ்நாட்டில் ஆறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. அதில் ஒன்று திருவண்ணாமலையில். அப்படிப் பயிற்சி பெற்ற 24 பேருக்கு 2021 ஆகஸ்டில் பணி நியமனம் கிடைத்தது. திருத்தம் வந்ததிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டு.

அதனால் வகுப்பறை ஆட்டத்தின் கடைசிக் காட்சியை ஒரு வருடம் கழித்து நடப்பதாக வைக்கலாம். கழிப்பறை கட்டியாச்சா? சுத்தம் செய்ய ஆள் போட்டாங்களா? 2,000 ரூபாய் அபராதம் யாரிடம் வசூலாச்சு, யார் தப்பிச்சாங்க? இப்போது தூய்மைப் பணியாளராக நடிக்கும் மாணவர் அவை நடுவே வந்து பதில் சொல்வார். 14 கழிப்பறைக்கு எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்பார். மேலே உள்ள ஐந்து பிரிவுகளிலும் தேடிப் பாருங்கள். ஒரு வார்த்தைகூட இல்லை.

நடத்திப் பார்க்க என்ன வேண்டும்?

40 நிமிடப் பாடவேளைகள் நான்கு போதும். முதல் வேளை பட்டியலும் தலைப்பும். இரண்டாவது மசோதா எழுதுவது. மூன்றாவது அவை. நான்காவது ஆளுநர், நீதிமன்றம், ஒரு வருடம் கழித்து. செலவு என்று பார்த்தால் சார்ட் பேப்பரும் ஒரு மணியும்தான்.

நன்றாகப் பேசும் நாலு பேருக்கே பெரிய வேடங்களைக் கொடுத்துவிடுவது வழக்கமான தவறு. குலுக்கிப் போடுங்கள். எப்போதும் வகுப்புத் தலைவியாக இருப்பவர் பார்வையாளர் மாடத்தில் உட்காரட்டும். கடைசி பெஞ்சு மாணவர் சபாநாயகர் ஆகட்டும். முடிந்ததும் கால் மணி நேரம் வேடத்தைக் கலைத்துவிட்டுப் பேசுவது அவசியம். இந்த மூன்று கேள்விகள் போதும்: யார் பேச்சை யாரும் கேட்கவில்லை? எந்த இடத்தில் உன் மனசு மாறியது? இன்னொரு முறை எழுதினால் எந்தப் பிரிவை மாற்றுவாய்?

ஆசிரியர் மட்டும்தான் நடத்த வேண்டும் என்றில்லை. வார இறுதியில் ஊருக்கு வந்து, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களும் தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று நடத்தலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் 8 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் எழுதிய மசோதாவை ஒரு கவரில் போட்டு, தொகுதி எம்எல்ஏ அலுவலகத்துக்கே அனுப்பலாம். பதில் வருமா என்பதும் பாடத்தில் சேர்த்திதான். வந்தால் வகுப்பில் படிக்கலாம். வராவிட்டால், அடுத்து யாருக்கு எழுதுவது என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஓட்டுரிமை வர இன்னும் நாலைந்து ஆண்டுகள்தான் இருக்கின்றன.